நாற்பது உள்ளங்கை

என் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை அவள் முதுகுக்குப் பின்னால் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். முகத்துக்கு நேராகவே பலமுறை சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அண்ணனுக்குக் கல்யாணமான புதிதில், இவளோடு இவன் எப்படிக் காலம் தள்ளப் போகிறான் என்று கவலைப்பட்டேன். கடைசியில் அவனைவிட அதிக நேரம் அவளோடு காலம் தள்ளியவள் நான்தான். கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் தலைமைச் சமையல்காரி. அவள் சேர்ந்து மூன்று வருடம் கழித்து என்னையும் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்த்துவிட்டாள். பத்தொன்பது வருடமாக அவள் அடுப்புக்கும் என் பலகைக்கும் நடுவே ஆறடி தூரம்தான்.

அந்த ஆறடியில் ஒரு நீல நிற உப்புத் தொட்டி உட்கார்ந்திருக்கும். கல்லுப்பு. குழந்தையைக் குளிப்பாட்டலாம் என்கிற அளவுக்குப் பெரியது. மதியம் நானூறு பேர் சாப்பிடுவார்கள். அதில் முதல் பந்தி உலைப் பக்கத்து ஆட்கள். கண்ணாடி உருகும் உலைக்கு முன்னால் நின்றுவிட்டு, சட்டை முதுகில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து வருவார்கள். வேர்வையில் போனதைத் தட்டில் எதிர்பார்க்கிறவர்கள். அவர்களுக்கு ருசி பிடித்தால் மற்றவர்களுக்குப் பிடித்த மாதிரி.

அண்ணிக்கு அங்கே 'கைப்பிடி அக்கா' என்று பெயர். உப்புக்குக் கரண்டி அளவு, தராசு எதுவும் கிடையாது. தொட்டியில் கையை விட்டு ஒரு பிடி, இன்னொரு பிடி என்று போட்டுக் கிளறுவாள். பிறகு கரண்டியில் மொண்டு, இடது உள்ளங்கையைக் குழித்து அதில் ஊற்றி, உறிஞ்சுவாள். ஒரு நொடி கூரையைப் பார்ப்பாள். பிறகு இன்னும் அரைப்பிடி, அல்லது போதும். கை போடும், நாக்கு தீர்ப்பு சொல்லும். பதினொரு பானைக்கும் இப்படி மூன்று முறை. கொதிக்கும்போது, உப்புப் போட்ட பிறகு, இறக்கும் முன்னால். சந்தேகம் வந்த பானைக்கு நாலாவது முறையும் உண்டு.

சாப்பாடு எப்படி இருக்கிறது என்று யாரிடமும் அவள் கேட்டதில்லை. நான் ஒருநாள், "கேட்டுத்தான் பாருங்களேன் அண்ணி" என்றேன்.

"சமைச்சவளுக்குத் தெரியாதது சாப்பிடறவனுக்கு என்ன தெரியும்? நீ கேரட்டைப் பாரு."

நான் கேரட்டைப் பார்த்தேன்.

அந்தத் திமிர் அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது. உலைக்காரர்களில் ஒருவனுக்கு நாங்கள் 'புகார்ப்பெட்டி' என்று பெயர் வைத்திருந்தோம். ரொட்டி மெலிசு, தண்ணீர் சூடு, மேசை ஆடுகிறது, காற்றாடி சத்தம் என்று கூடத்தின் புகார்ப் புத்தகத்தில் பாதிப் பக்கம் அவன் கையெழுத்துதான். அவன்கூட உப்பைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை.

இப்படி இருந்தவளுக்கு ஒரு மழைக்காலத்தில் செருப்புக்குள் கால் நுழையவில்லை. செருப்பு சுருங்கிவிட்டது என்றாள். இரண்டு கால் செருப்பும் ஒரே வாரத்தில் சுருங்குமா என்று நான் கேட்டதற்கு முறைத்தாள். அண்ணன்தான் கட்டாயப்படுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். துணைக்கு நானும் போனேன். ரத்தம், சிறுநீர், வயிற்றை ஒரு படம் என்று எல்லாம் எடுத்து முடித்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார். எங்களைவிடப் பத்து வயது சின்னவர், நிதானமானவர்.

"ரொம்ப நாளா பிரஷர் இருந்திருக்கும்மா. நீங்க கவனிக்கல. இப்ப ரெண்டு கிட்னியும் சேர்ந்து பாதி வேலைதான் செய்யுது. போனது திரும்பி வராது. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம். அதுல மாத்திரை பாதி, உங்க வாய் பாதி."

"வாயில என்ன?"

"உப்பு. நாள் முழுக்க எல்லாம் சேர்த்து ஒரு டீஸ்பூனுக்குள்ள. கடை ரொட்டியில இருக்கறது, பாக்கெட்ல வர்றது எல்லாமே அந்தக் கணக்குலதான் வரும்."

"காப்பாத்தலைன்னா?"

"வாரத்துல மூணு நாள் மெஷின்ல ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் படுக்கணும்."

வெளியே வந்ததும் அண்ணி கேட்ட முதல் கேள்வி: "மூணு நாள் நான் படுத்துக்கிட்டா பானையை யார் இறக்குவா?"

அன்றைக்கே பத்தியம் தொடங்கிவிட்டது. எடுத்தேன் கவிழ்த்தேன் என்று எதையும் செய்கிறவள், பத்தியத்தையும் அப்படியே செய்தாள். ஊறுகாய் ஜாடி, வறுத்த கடலை, சிப்ஸ், சாஸ் பாட்டில், கருவாடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு இரண்டு தெரு தள்ளி இருக்கும் என் வீட்டில் கொண்டுவந்து கொட்டினாள். வீட்டில் ஒரே பானை, அதில் உப்பு கிடையாது. பூண்டு, மிளகு, எலுமிச்சை, அடுப்பில் சுட்ட தக்காளி என்று எதை எதையோ வைத்து ஒப்பேற்றினாள். உப்பில்லாமல் ரொட்டியும் சுட்டுப் பார்த்தாள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள். கட்டையைக் கடித்த மாதிரி இருந்தது. நன்றாக இருக்கிறது என்றேன்.

என் அண்ணன் தையல்காரன். வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பான். உப்பு தூக்கலாகச் சாப்பிட்டே வளர்ந்தவன்.

"நோய் உனக்கு, தண்டனை எனக்கா?" என்றான்.

"உப்பு உங்க பக்கத்துலதானே இருக்கு. போட்டுக்கக் கை இல்லையா?"

அவன் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பு இருக்கும். வேண்டிய அளவு தூவிக்கொள்வான். அவ்வளவுதான். வேறு வம்பு எதுவும் அவன் செய்யவில்லை. இதை முன்னாலேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் அவன் மேல் பழி வரப்போகிறது.

மூன்று மாதம் கழித்து டாக்டரம்மா ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்தார். ஒருநாள் முழுக்கப் போகும் சிறுநீரை அதில் சேர்த்துக் கொண்டுவர வேண்டும். "லீவு நாள் வேண்டாம், சாதாரணமா வேலைக்குப் போற நாளா இருக்கட்டும்" என்றார். அந்தக் கேனைத் துணிப்பையில் சுற்றி வேலைக்குக் கொண்டுவந்தோம். எண்ணெய் கேன் என்று நினைத்து எங்கள் கூடத்து ரொட்டிக்காரர் தூக்கப் போனதும், நான் ஓடிப்போய்ப் பிடுங்கியதும் தனிக்கதை.

முடிவு வந்தது. ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டிய உப்பு, ஒன்பது கிராம் இருந்தது. கிட்னி நம்பரும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

டாக்டரம்மா தாளை மடித்தார். "ஒண்ணு, வீட்டுல யாரோ உங்களுக்குத் தெரியாம உப்பு போடறாங்க. இல்லைன்னா நீங்க என்கிட்ட முழுசா சொல்லலை."

அண்ணியின் முகம் சிவந்துவிட்டது. "நான் பொய் சொல்லலை டாக்டர். வேலை நேரத்துல பச்சைத் தண்ணி பல்லுல படறதில்ல. வீட்டுல உப்பே இல்லாமத்தான் சாப்பிடறேன்."

அவள் சொன்னது சத்தியம். நானே சாட்சி. பத்தொன்பது வருடத்தில் மதிய வேளையில் அவள் உட்கார்ந்து ஒருவாய் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

பேருந்து வருவதற்குள் அண்ணி குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டாள். அண்ணன்தான். அவள் குளிக்கப் போகும்போது பானை அடுப்பில் தனியாகத்தான் இருக்கும். அவன் அடிக்கடி சமையலறைக்கு வந்து மூடியைத் திறந்து பார்ப்பான். வேறென்ன சாட்சி வேண்டும்? அன்று மாலை அந்த வீட்டில் நடந்ததை முழுக்க எழுத முடியாது. அண்ணன் கடைசியாகச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது: "நான் துணியில ஊசி போடறவன்டி. பானையில உப்பு போடறவன் இல்லை."

அவள் பிடித்த முயலுக்கு மூன்றே கால். தன் சாப்பாட்டைத் தனிப் பானையில் சமைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. "உங்க அண்ணன்கிட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துபோச்சுன்னு" என்று ஆறடி தூரத்திலிருந்து எனக்குச் செய்தி வரும். நான் போய்ச் சொல்வேன். "உங்க அண்ணிகிட்ட சொல்லு, மாத்தியாச்சுன்னு" என்று பதில் வரும். அஞ்சல்காரிக்கு ஆகிற அலைச்சல் எனக்கு ஆனது.

பதினாறாம் நாள் அண்ணன் தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை மடியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "நான் அவளைக் கொல்லப் பார்க்கறேன்னு நினைக்கறா. நீதான் நாள் முழுக்க அவ எதிர்ல இருக்கே. அவ வாயில என்ன போகுதுன்னு கொஞ்சம் பாரு."

பார்த்தேன். முதல் நாள் ஒன்றும் போகவில்லை. ஒரு கடலைகூட இல்லை. இரண்டாம் நாள் அவள் பருப்பை உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சும்போது ஒரு துளி மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கை வரை இறங்கியது. அதைத் துடைத்துக்கொண்டாள். அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. பத்தொன்பது வருடமாகக் கண்ணுக்கு எதிரே நடப்பதை என் கண்ணும் கணக்கில் எடுக்கவில்லை. ருசி பார்ப்பதை நாங்கள் யாரும் சாப்பிடுவதாகவே நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் வேலையைத் தொடங்கும் முன் என் உள்ளங்கையில் தண்ணீர் ஊற்றி அளந்தேன். பெரிய ஸ்பூனால் ஒரு ஸ்பூன் பிடித்தது. அண்ணி ஒவ்வொரு முறை ருசி பார்த்ததும், அவள் திரும்பிய சமயம் பார்த்து அதே பானையிலிருந்து அந்த ஸ்பூனால் ஒரு ஸ்பூன் எடுத்து ஒரு டம்ளரில் ஊற்றினேன். ஊற்றியதும் பூசணித் தோலில் கத்தியால் ஒரு கோடு. அன்றைக்குக் காய் நறுக்கியது பாதி, உளவு பார்த்தது பாதி. கடைசிப் பானை இறங்கியபோது இரண்டு டம்ளர் தளும்ப நிறைந்து, மூன்றாவதில் கால்வாசி இருந்தது. பூசணியில் நாற்பது கோடு.

மூன்று டம்ளரையும் அவள் முன்னால் வைத்தேன். "குடிங்க அண்ணி."

"எதுக்கு? வேலை நேரத்துல நான் எதையும்..."

"காலையிலேருந்து குடிச்சாச்சு. இது அதோட நகல்."

பூசணியையும் காட்டினேன். அவள் கோடுகளை விரலால் தொட்டு எண்ணினாள். பிறகு தன் இடது உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். அது ஏதோ வேறு யாருடைய கை என்பதுபோல.

"ருசி பார்க்கறது சாப்பிடறதா?" என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

"கிட்னிக்கு அந்த வித்தியாசம் தெரியாது போல அண்ணி."

அன்று மாலை நானும் கூடப் போனேன், இந்தக் காட்சியைத் தவறவிட எனக்கு மனமில்லை. அண்ணி நேராக முன்னறைக்குப் போய், இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியை எடுத்துத் தையல் மெஷின் மேல் வைத்தாள். "இதை நீங்களே வெச்சுக்குங்க" என்றாள். மன்னிப்பு என்று அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அண்ணன் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எனக்கு எதுக்கு? உள்ள இருக்கறதுலதான் உப்பே இல்லையே" என்றான். அத்தனை நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

அண்ணி உள்ளங்கையை விட்டாள். சின்ன ஸ்பூனின் நுனியில் ஒரு சொட்டு, பானைக்கு ஒரே ஒரு முறை. இரண்டு மாதத்தில் அந்த ஒன்பது, ஐந்துக்குக் கீழே வந்தது. டாக்டரம்மா முதன்முறையாகச் சிரித்தார். "இனிமே உங்களுக்கே பழகிடும். குறைஞ்ச உப்பே போதும்னு நாக்கு சொல்ல ஆரம்பிக்கும்" என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். அந்த வாக்கியத்தில் இருந்த ஆபத்து அப்போது எங்கள் இருவருக்கும் புரியவில்லை.

நாக்கு சொல்ல ஆரம்பித்துவிட்டது. ஒருநாள் என் வீட்டுக் கடை ரொட்டியைக் கடித்துவிட்டு, "என்னடி இது, கடல் தண்ணியில பிசைஞ்சிருக்கானா?" என்றாள். நான் அதே ரொட்டியைத்தான் தினமும் தின்கிறேன். அடுத்த வாரம் கூடத்தின் புகார்ப் புத்தகத்தில் புகார்ப்பெட்டியின் கையெழுத்தில் ஒரு வரி: சூப்பில் உப்பில்லை.

அண்ணி நேராக அவன் மேசைக்கே போனாள். "உன் நாக்கு செத்துப்போச்சு தம்பி. நெருப்பு முன்னாடி நின்னு நின்னு வெந்துபோச்சு."

"என் நாக்கு மட்டும்னா சரிக்கா" என்று அவன் சுற்றிலும் கையைக் காட்டினான். உலைக்காரர்களில் பாதிப் பேர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து சூப்பில் தூவிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு அதைவிட அவமானம் வேறு இல்லை. மறுநாள் இன்னும் ஒரு பிடி கூடப் போட்டாள், ஸ்பூன் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள், முகம் கோணியது. தண்ணீரை ஊற்றிவிட்டாள். இருபத்திரண்டு வருடம் தன் நாக்குக்குக் கீழ்ப்படிந்தவள், இப்போது மட்டும் எப்படி அதை எதிர்த்துப் போவாள்?

வேறு நாக்குகளைத் தேடினோம். ரொட்டிக்காரர் பார்த்துச் சொன்னபடி போட்டதில் ஒருநாள் பருப்பை யாராலும் வாயில் வைக்க முடியவில்லை, மனிதர் வாயில் எப்போதும் புகையிலை. பாத்திரம் கழுவுகிற அக்காவுக்கு வருடம் முழுக்க ஜலதோஷம். மிச்சம் நான்தான். என் நாக்கைப் பற்றி ஊருக்கே தெரியும். கட்டை ரொட்டியையே நன்றாக இருக்கிறது என்று சொன்னவள்.

மேனேஜர் நல்ல மனிதர்தான். அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, என் காது கேட்கும் தூரத்தில் சொன்னார்: "மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்மா. சரியாகலைன்னா நீங்க காய் நறுக்கற பக்கம் வந்துடுங்க. உடம்புக்கும் நல்லது. அடுப்புக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

காய் பக்கம் என்றால் எனக்குப் பக்கத்தில். அண்ணி என்னோடு சேர்ந்து முட்டைக்கோஸ் நறுக்குவாள், வேறு யாரோ அந்தப் பானைகளைக் கிளறுவார்கள். இத்தனை வருடம் அவளிடம் திட்டு வாங்கியதற்கு நான் உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்திருக்க வேண்டும். இல்லை, வயிறு எரிந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து எண்ணெய் எடுக்கச் சரக்கறைக்குப் போனேன். அண்ணி மூட்டைகளுக்கு நடுவே திரும்பி நின்றிருந்தாள். கையில் பெரிய ஊறுகாய் ஜாடி. மூடி திறந்திருந்தது. விரலில் எண்ணெயும் காரமும்.

"அண்ணி!"

"கத்தாதே. கொஞ்ச நாளைக்குத்தான். நல்லா உப்பு தின்னா நாக்கு பழையபடி ஆயிடும்."

"கிட்னி?"

"கிட்னி உள்ள இருக்கு. அது எப்படி இருக்குன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நாக்கு எப்படி இருக்குன்னு நானூறு பேருக்குத் தெரிஞ்சுபோச்சு." குரல் உடைந்தது. "எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதான்டி. இதுவும் போனா நான் யாரு?"

ஜாடியைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரியும் நாற்பத்தைந்து வயதுக்காரியும் ஊறுகாய் ஜாடிக்கு மல்லுக்கட்டியதை யாரும் பார்க்கவில்லை, நல்லவேளை. ஜாடி என் கைக்கு வந்தபோது அவள் வெங்காய மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் அழுகையைவிட ஆத்திரம் முந்திக்கொண்டது.

"சூப்புக்கு ஆறு!" என்று கத்தினேன்.

"என்ன ஆறு?"

"ஆறு கைப்பிடி. பெரிய பானை சூப்புக்கு நீங்க எப்பவும் ஆறு கைப்பிடி போடுவீங்க. பருப்புக்கு நாலரை. கிழங்குக்கு மூணு. கோழிக்கு அஞ்சு, தக்காளி அதிகமா இருந்தா அஞ்சரை. பீன்ஸுக்கு ரெண்டு, இறக்கறப்ப ஒரு சிட்டிகை. இப்ப சூப்புக்கு நாலுதான் போடறீங்க."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "எனக்கே தெரியாதே. நான் எண்ணினதே இல்லையே. போடுவேன், நாக்கு சொல்லும்."

"நீங்க எண்ணல. நான் எண்ணினேன்."

எண்ணாமல் என்ன செய்வது? உப்புத் தொட்டி என் மூக்குக்கு நேரே இருக்கிறது. பத்தொன்பது வருடம் கேரட்டையே பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பொழுது போகாமல் எண்ணியதுதான். அதற்கு ஒரு உபயோகம் வரும் என்று கனவிலும் நினைக்கவில்லை.

"உங்க நாக்குதான் மாறிப்போச்சு அண்ணி. கை மாறலையே."

அவள் நம்பவில்லை. காய் நிறுக்கும் தராசை இழுத்து வந்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிடி உப்பு எடுக்கச் சொன்னேன். அறுபது கிராம். இன்னொரு பிடி, அறுபத்தொன்று. மூன்றாவது, அறுபது. பிறகு நான் ஒரு பிடி எடுத்தேன், நாற்பத்தைந்து. அடுத்தது எழுபது. தராசின் எண்ணைப் பார்த்து அண்ணி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "உன் கையை வெச்சுக்கிட்டு நீ கேரட்டே நறுக்கு" என்றாள். பழைய அண்ணி திரும்பிவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது.

மறுநாள் காலை பதினொரு பானையும் கொதித்தன. நான் பலகையிலிருந்து எண்ணிக்கையைச் சொன்னேன், அவள் கை போட்டது. சூப்புக்கு நாலு பிடி போட்டதும் கை நின்றது. "போதும்டி" என்றாள். "இன்னும் ரெண்டு" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு போட்டாள். ஸ்பூனைத் தொடவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக, வாயில் ஒரு சொட்டுப் படாமல் நானூறு பேருக்குச் சமையல் முடிந்தது.

இறக்கும் நேரம் வந்தது. பழக்க தோஷம், கரண்டியில் சூப்பை மொண்டு இடது உள்ளங்கையைக் குழித்துவிட்டாள். ஊற்றவில்லை. அப்படியே நின்றாள். பிறகு ஆறடி நடந்து வந்து, "கையை நீட்டு" என்றாள். என் உள்ளங்கையில் ஊற்றினாள். நான் உறிஞ்சினேன்.

"எப்படி இருக்கு?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயத்தின் மேல் பழி போடவும் வழியில்லை, அன்று நறுக்கியது உருளைக்கிழங்கு.

"நல்லாருக்கு அண்ணி."

"உனக்கு எதுதான் நல்லா இல்லை" என்று திட்டிவிட்டுப் பரிமாறப் போனாள்.

முதல் பந்தி உட்கார்ந்தது. அண்ணி கரண்டியோடு தடுப்புக்குப் பின்னால் நின்றாள். அவள் பார்வை எல்லாம் உலைக்காரர்களின் சட்டைப் பைகளில் இருந்தது. புகார்ப்பெட்டி பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். ஒரு வாய் சூப்பைக் குடித்தான். இன்னொரு வாய் குடித்தான். பொட்டலத்தைத் திரும்ப மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். கழுவின மாதிரி கிண்ணத்தை வழித்துவிட்டு, எழுந்து போய்ப் புத்தகத்தில் ஏதோ எழுதினான். அவன் தலை மறைந்ததும் நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். 'சூப் பத்தவில்லை' என்று எழுதியிருந்தான். அண்ணிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "அவனுக்கு எது பத்தும்" என்றாள், ஆனால் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அவள் கிட்னி அந்தப் பாதியிலேயே நிற்கிறது. இறங்கவில்லை. இறங்காமல் இருப்பதே பெரிய விஷயம் என்கிறார் டாக்டரம்மா. இறங்காது என்று அவரும் சத்தியம் செய்து தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அண்ணனின் உப்புக் கிண்ணம் பாதி நாள் தொடப்படாமலே கிடக்கிறது. அவனுக்கு அது தெரியாது. சொன்னால் வீம்புக்கு அள்ளிப் போட்டுக்கொள்வான், அதனால் நாங்கள் சொல்வதில்லை.

அண்ணி இப்போது மதியம் உட்கார்ந்து சாப்பிடுகிறாள். முதல் பந்தி முடியும் நேரத்தில், தன் டப்பாவை எடுத்துக்கொண்டு உலைக்காரர்களின் மேசை ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்வாள். போன வாரம் புகார்ப்பெட்டி அவள் டப்பாவிலிருந்து ஒரு கிழங்குத் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"இதை எப்படிக்கா சாப்பிடறீங்க?"

"எனக்கு இதுதான் ருசியா இருக்கு. உன் கிண்ணத்துல இருக்கறதை என்னால ஒரு வாய் முழுங்க முடியாது."

அவன் தன் சூப்பையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் சமைத்த சூப்.

"அதனாலதான் கேட்கறேன்" என்றாள் அண்ணி. டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, அவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள். "அவசரப்படாம சொல்லு தம்பி. இன்னைக்கு எப்படி இருக்கு?"